பாதி டம்ளர் கிழங்கு லாட்டே

என் செல்வி அக்கா,

வீட்டு ஆட்கள் முன்னால் உன்னை ‘நீங்க’ என்பேன், அடுப்படியில் ‘நீ’ என்பேன். இதை அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தை மாசம் உன் வீட்டுக்காரருக்கு, நான் மாமா என்று கூப்பிடுகிற இந்த வீட்டு மூத்த பிள்ளைக்கு, இரண்டாம் கல்யாணம். நீ போய் பதினாலு மாசம் ஆகிறது. பெண் புவனகிரிப் பக்கம். அப்பா கிடையாது, கூடப்பிறந்தவர்கள் கிடையாது, அம்மா மட்டும்தான். நம் மாமியார் தேடித் தேடி எடுத்திருக்கிறார்.

அடுத்த சேதி, நீ இப்போது இந்த வீட்டுக்குச் சாமி. சுமங்கலியாகப் போனவள் மனசு குளிர்ந்து உத்தரவு கொடுத்தால்தான் வருகிறவள் நன்றாக இருப்பாளாம். அதற்காகப் போன வெள்ளிக்கிழமை உனக்குப் பூவாடைக்காரி படையல் போட்டார்கள். பட்டுப் புடவை, வளையல், பந்து பந்தாக மல்லிகை. உயிரோடு இருந்தபோது தீபாவளிப் புடவையின் நிறத்தையாவது உன்னைக் கேட்டு எடுத்திருக்கிறார்களா, அக்கா?

அன்று காலையில் அத்தை என்னிடம் வந்து நின்றார். “மாலதி, அவ ஆசையா குடிப்பாளே, அந்தக் கொரியாப் பாலு, அதுலயும் ஒரு டம்ளர் போட்டு வச்சிடு. ஒரு கொறையும் இருக்கக் கூடாது. அப்புறம் வர்றவளப் போட்டு ஆட்டுவா.”

எனக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது. எந்த வாய் அதைச் சொல்கிறது பார் என்று நினைத்தேன். ஆனால் அந்த நினைப்பை நினைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஒரு கார்த்திகை மழையில்தானே அது ஆரம்பித்தது. தமிழில் பேசவைத்த கொரியா சீரியல் ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். பனி கொட்டுகிற தெருவில் ஒருத்தி இரண்டு கையாலும் ஒரு கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “அது சக்கரவள்ளிக் கெழங்கு லாட்டேயாம்டி. பாரேன், அவ கையில சூடா ஒண்ணு குடுக்க ஒரு ஆளு இருக்குது” என்றாய். விடிந்ததிலிருந்து எட்டுப் பேர் கையில் சூடாகக் கொடுத்துக்கொண்டே இருந்தவள் நீ.

மறுநாள் மூணு மணிக்கு, அத்தை தூங்குகிற நேரமாகப் பார்த்து இட்லிக் குண்டானில் கிழங்கை அவித்தாய். மிக்சி போட்டால் சத்தம் கேட்டுவிடும் என்று பருப்பு மத்தால் கடைந்தோம். பாலை ஊற்றிச் சின்னத் தீயில் வைத்து, கொஞ்சம் நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போட்டாய். பிரியாணிக்கு வைத்திருந்த பட்டையை நுணுக்கி மேலே தூவினாய். லாட்டே என்றாயே, காபித்தூள் எங்கே என்று கேட்டேன். “இதுல காபியே கெடையாதுடி, கெழங்கும் பாலும்தான்” என்று சிரித்தாய். ஆளுக்குப் பாதி குடித்தோம். எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் நீ வாய் வைத்தாய்.

அன்றைக்கென்று பார்த்து நாலு மணிக்குப் பங்காளி வீட்டு ஆட்கள் வந்து இறங்கினார்கள். டீக்குப் பால் பத்தவில்லை. “பாலு எங்க போச்சு?” என்று அத்தை நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குக் கல்யாணமாகி நாலு மாசம்தான். பயந்து போய், “அக்கா கொரியா சீரியல்ல வர்ற மாதிரி கெழங்க பால்ல கரைச்சுக் குடிச்சாங்க அத்தை” என்று சொல்லிவிட்டேன்.

நானும் குடித்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வாய் வரவில்லை.

அத்தனை பேர் முன்னால் உன்னை நிற்க வைத்துக் கேட்டார். “பொம்பளைக்கு நாக்கு இவ்ளோ நீளம் இருந்தா குடும்பம் வெளங்குமா? கொரியாக்காரிக்குப் பொறந்தவளாடி நீ?” மாமா பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். காலிப் பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். அவ்வளவுதான். விளக்கு வைக்கிற நேரத்தில் என்னிடம் வந்து, “தல வாரிக்கலயா?” என்று எப்போதும் போலக் கேட்டாய். நீ ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் தேறியிருப்பேன்.

அதற்குப் பிறகு நீ அதைப் போடவே இல்லை. காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுதான், எது சாப்பிட்டாலும் வெளியே வந்துகொண்டிருந்த அந்த நாளில்தான், “அந்தக் கெழங்குப் பால் ஒரு வாய் கெடைக்குமாடி?” என்று கேட்டாய். அத்தை என்ன சொல்வாரோ என்று உடனே மனசு கணக்குப் போட்டது. “சரியாகி வாக்கா, போட்டுத் தரேன்” என்றேன். நீ வீட்டுக்கு வந்தாய், ஆம்புலன்ஸில், வெள்ளைத் துணி சுற்றி.

அதனால் வெள்ளிக்கிழமை நானேதான் போட்டேன். எல்லோரும் கூடத்தில் இருக்க, மிக்சியிலேயே போட்டு நன்றாக ஓடவிட்டேன். மத்தில் கடைந்தபோது இருந்த நார் இதில் இல்லை, சந்தனம் போல வந்தது. படையலுக்குச் செய்வதை வாயில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். டம்ளரில் ஊற்றி, அங்கேயே நின்று பாதியைக் குடித்தேன். மீதியைக் கொண்டுபோய் உன் படத்துக்கு முன்னால் வைத்தேன்.

“என்னடி இது, சாமிக்குப் பாதி டம்ளர் வைக்கிற?” என்றார் அத்தை.

“மீதிய நான் குடிச்சிட்டேன் அத்தை. அவங்க எனக்குக் குடுத்துட்டுதான் குடிப்பாங்க. அன்னிக்கும் பாதி நான்தான் குடிச்சேன். சொல்லாம உட்டுட்டேன்.”

எச்சில் பட்டுவிட்டது என்று யாரோ முனகினார்கள். அத்தை என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். அறைவார் என்றுதான் நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, ஊர்க்கதை பேசுவது மாதிரிச் சொன்னார்:

“தெரியும்டி. ஒம் மேலுதட்டுல கெழங்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சே. ஒன்னத் திட்டுனா கோர்ட்டுல வேல பாத்த ஒங்கப்பா மறுநாளே கடலூர்லேருந்து வந்து நிப்பாரு. அவ யாருகிட்டப் போய்ச் சொல்லுவா? அவ பொறந்த கீரப்பாளையத்துல அவளுக்கு யாரு இருந்தா?”

சொல்லிவிட்டுப் போய் இன்னொரு டம்ளர் கழுவி எடுத்தார். மிக்சியில் மிச்சமிருந்ததை ஊற்றி, முழு டம்ளராக உன் முன்னால் வைத்தார்.

அக்கா, இத்தனை நாளும் நான் பொய் சொல்லித் தப்பித்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தப் பொய்க்கு அவசியமே இருக்கவில்லை. நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் திட்டு உனக்குத்தான் விழுந்திருக்கும். அது உனக்கு அன்றைக்கே தெரிந்திருந்ததா? அதனால்தான் என்னைத் திட்டவில்லையா? அப்படியானால் அந்த ஒரு பார்வைக்கு என்ன அர்த்தம்?

நீ உத்தரவும் கொடுத்துவிட்டாய், தெரியுமா? கற்பூரம் காட்டும்போது உன் படத்திலிருந்து பூ விழுந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, “சம்மதம் சொல்லிட்டா, மகராசி” என்று அழுதார். அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்தான் மாமா வேர்க்கிறது என்று ஃபேனைப் போட்டார். உன்னிடம் கேட்கிறேன், உனக்குச் சம்மதமா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

படையல் முடிந்து அந்த முழு டம்ளரை எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தார்கள். “நல்லாத்தான இருக்குது, இதப் போயா வேணாம்ன” என்று பங்காளி வீட்டு அம்மா அத்தையிடமே சொன்னார். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், எனக்கு அது சுலபமாகப் போய்விடும். வேறு ஒன்று சொல்கிறேன். வருகிறவளுக்கும் கேட்க ஆளில்லை. கல்யாணம் முடிந்து முதல் தடவை எல்லோரும் தூங்குகிற மூணு மணிக்கு, இந்த லாட்டேயை நான் போட்டு அவள் இரண்டு கையிலும் சூடாக வைப்பேன், முழு டம்ளராக. இது யாருடையது என்றும் சொல்வேன். நாலு மணிக்குப் பால் எங்கே என்று கேள்வி வந்தால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் முன்னால் போய் நிற்பேன். “நான்தான் குடிச்சேன் அத்தை” என்பேன். அவள் உதட்டில் ஒட்டியிருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

உன் பங்கில் பாதியைக் குடித்த தங்கை,
இந்த வீட்டின் சின்ன மருமகள்
மாலதி