மலையில நிக்கணும்

ஜூன் 9, திங்கள்

கோதைக்கு இன்றோடு எட்டு வயது முடிந்தது. என்ன வேண்டும் என்று அவள் அப்பா கேட்டார். "மலையில நிக்கணும்" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. முசோரி என்றார், ஆபீசில் எல்.டி.சி. பயணச் சலுகை இருக்கிறது என்றார், நாளைக்கே லீவு சொல்லிவிடுகிறேன் என்றார். லேசாக இடறினாலே முறிகிற எலும்போடு பிறந்த பிள்ளை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலைக் கடப்பதே பெரும்பாடு. இவளைக் கொண்டுபோய் மலையில் நிறுத்தப் போகிறாராம். நான் பாயசம் கிண்டப் போய்விட்டேன். பிறந்தநாளும் அதுவுமாக எதற்குச் சண்டை?

ஜூன் 12

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. "மலை எப்பம்மா வரும்?" என்று கேட்டாள். அது எங்கேயும் வராது, நாம்தான் போகவேண்டும் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"இல்லம்மா, ஜூலைல வரும்ல? பாரிஷ்."

மழை! அதைத்தான் இந்தியில் சொல்கிறாள். டெல்லியில் பிறந்த நாக்கு. ழகரம் வந்தால்தானே! முசோரி போயே போச்சு. அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

ஆனால் ராத்திரி சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷத்தில் இவள் மேல் ஒரு சொட்டு மழை பட்டதில்லை. நான் படவிட்டதில்லை. ஈரத் தரையில் வழுக்கினால் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி மாவுக்கட்டு. மழை நாளில் பள்ளிக்கூடத்துக்கே அனுப்ப மாட்டேன். மூடின ஜன்னல் வழியாகத்தான் மழையைப் பார்த்திருக்கிறாள்.

ஜூன் 13

தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் என்றேன். மாட்டாளாம்.

"நீ தூக்குனா குடையும் பிடிப்ப. நானே இறங்கிப் போயி நிக்கணும்."

குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டாம் மாடி. லிப்ட் கிடையாது. இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று அவர் கேட்கிறார். தெரியாத மாதிரி.

ஜூன் 22

முதல் மழை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். நான் வாக்கரோடு முன்னால். ஒரு மாடி இறங்குவதற்குள் மழை நின்றுவிட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது, பொய் சொல்வானேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மலை ஜல்தி போயிருதும்மா. நான் அதுக்கு முன்னாடி இறங்கணும்."

ஜூன் 28

பால்கனியே கதி. வானம் கறுத்தால் போதும், கிளம்பிவிடுகிறாள். கீழே போய்க் காத்திருக்கிறாள். புழுதிக்காற்று அடித்து ஓய்கிறது, மழை வருவதில்லை. மறுபடி ஏறவேண்டும். ஏறுவதுதான் கொடுமை — கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, மூச்சு வாங்கி, நின்று நின்று. தூக்கட்டுமா என்று கேட்டால் முறைக்கிறாள். கீழ்வீட்டு லீலாவதி அக்கா, பிள்ளையை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று என்னைப் பிடித்துக்கொண்டார். நானா வதைக்கிறேன்? எனக்கே மூன்றாம் தரம் ஏறினால் முட்டி கழன்றுவிடும்போல இருக்கிறது. அவள் முணுமுணுக்கக்கூட இல்லை.

ஜூலை 5, சனி

இன்றே எழுதிவிட வேண்டும்.

காற்று மாறியதுமே இறங்கிவிட்டாள். கடைசிப் படியில் காத்திருந்தாள். வந்தது. சும்மா தூறல் இல்லை, கொட்டியது. வாக்கரை ஊன்றி ஊன்றி வெளியே போனாள். நான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னாலேயே. வராதே என்றாள். நின்றேன். எப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

முகத்தை நிமிர்த்தினாள். "குத்துதும்மா" என்றாள். பாவம், மழை குத்தும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அடுத்த நிமிஷமே ஒரே சிரிப்பு.

அப்போதுதான் வாக்கரின் கால் வழுக்கியது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். என் உயிர் என்னிடம் இல்லை — ஐயோ, போச்சு, எல்லாம் போச்சு என்று ஓடினேன். கையைக் காட்டித் தடுத்தாள்.

"ஒண்ணும் உடையலம்மா. உடைஞ்சா எனக்குத் தெரியும்."

தெரியும்தான். எந்த எலும்பு எப்படி வலிக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அந்தச் சகதியிலேயே உட்கார்ந்து, மழை விடுகிறவரை நனைந்தாள். நான் நடைவாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இவளைப் பார்த்துப் பயந்துதான் எனக்குப் பழக்கம். இன்று மலைத்துப்போய்விட்டேன். எவ்வளவு தைரியசாலியைப் பெற்றிருக்கிறேன் நான்!

ஜூலை 7

அவளுக்கு ஜுரம் இல்லை. தும்மல் எனக்கு. அவர் ஆபீஸ் முழுக்கச் சொல்லியாயிற்றாம்.

ஜூலை 19, சனி

நல்ல மழை. வாக்கர் இப்போதெல்லாம் லீலாவதி அக்கா வீட்டு வாசலிலேயே இருக்கிறது. கோதை இறங்கிப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. நான் மாடியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.