மூடி திறக்காத மோர் பாட்டில்

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சுபாஷ்ரீக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஹூப்ளியில் நீயும் உன்னோடு ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்கவேண்டும். எப்போதும் திரௌபதி அம்மன் துணை என்று மேலே எழுதித்தான் ஆரம்பிப்பேன், இந்தத் தடவை எழுதவில்லை, அம்மனோடு எனக்குப் பேச்சு வார்த்தை இல்லை. இங்கே நானும் உன் நைனாவும் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்திருக்கிறோம். சொர்ணவாரி அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருக்கிறது, சாயந்திரமானால் மழை வருகிறது, உன் நைனா தார்ப்பாயும் கையுமாக அங்கேயே கிடக்கிறார். நெல் நனைந்துவிடும் என்று இல்லை, வீட்டுக்கு வந்தால் வாசலில் உன் தம்பி நந்துவின் ஷூ இருக்கிறது, அதைப் பார்க்கவேண்டி வரும், அதற்குப் பயந்துதான். எடுத்து உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டால், அது பாட்டுக்கு அங்கியே கீட்டும், நீ கைய வைக்காத என்கிறார். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவள், பிழை இருக்கும், பார்த்துப் படித்துக்கொள். கடுதாசியை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

நேற்று பக்கத்து வீட்டு சசிரேகா வந்தாள், அவள் இப்போது நீங்கள் இரண்டு பேரும் படித்த அந்தக் காலேஜில்தான் படிக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை அங்கே மீட்டிங்காம். நந்து கிரவுண்டில் விழுந்து செத்த பிறகு அந்த பேஸ்கட்பால் கோச்சை, உன் சாரை, கொஞ்ச நாள் வராதே என்று நிறுத்தி வைத்திருந்தார்கள் அல்லவா, அவரைத் திரும்ப வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்று அன்றைக்கு முடிவு பண்ணுகிறார்களாம். பெற்றவர்கள் என்று எங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரின்சிபாலை விடப் பெரிய சம்பளம் கொடுத்து எங்கிருந்தோ கொண்டுவந்த ஆள், விட மனசு வருமா அவர்களுக்கு? ரோட்டில் இருக்கிற பேனரில் எல்லாம் அந்த ஆள் கப்பைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறார், உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதலில் அந்தப் பல்தான் தெரிகிறது. இதையெல்லாம் சொல்லிவிட்டு சசிரேகா போகாமல் நின்றாள். இன்னாடி என்றேன். சுபாக்கா ஒண்ணு பேசிக்கீறாங்க, நீங்க கேக்காம இருக்கிறதே மேலு என்றாள். போடு என்றேன். போனில் பழைய பிள்ளைகள் வாட்ஸ்அப் குரூப்பில் உன் குரல். சார் இல்லன்னா நான் இந்நேரம் நூறு நாள் ஏரி வேலைக்குத்தான் போயிருப்பேன், அவரை அனுப்பிடாதீங்க என்கிறாய். அதற்குக் கீழே எவனோ, செத்த பையனோட அக்காவே சொல்லிட்டாங்க, இனிமே பேச இன்னா கீது என்று போட்டு, கும்பிடுகிற கை போட்டிருக்கிறான். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டேன். உனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் குடி.

அந்த ஆள் உனக்குச் செய்ததை நான் இல்லை என்று சொல்லவில்லை. வயசுப் பெண் அரை டவுசரில் ஆடுவதா என்று உன் நைனா குதித்தபோது, அந்த ஆள் நம் வீட்டுக்கே வந்து கீழே உட்கார்ந்து பேசினார். உங்க பொண்ணுக்கு ரயில்வேல வேலை வாங்கித் தர்றது என் பொறுப்பு என்றார், சொன்னபடி செய்தார். கருவாட்டுக் குழம்பு ஊற்றி என் கையால் சோறு போட்டேன். அந்தச் சோற்றை நினைத்தால் இப்போது கை எரிகிறது. உனக்கு வேலை கொடுத்ததற்கு என் பிள்ளையைக் கொடுப்பதாக நான் எங்கேயும் சொல்லவில்லை சுபா.

உன் முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ மறுபடியும் ஆடவேண்டும் என்றுதான் நந்து தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டான், அது உனக்கே தெரியும். காப்புக் கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. கேம்புக்கு வராதவன் டீமில் இல்லை என்று அந்த ஆள் போன் மேல் போன். பூசாரியிடம் போய்க் கேட்டதற்கு, பொழுது சாய்றதுக்குள்ள ஊருக்குள்ள வந்துடணும், வேப்பிலைய இடுப்புல சொருவிக்கினு போ என்று விட்டார். ஒருபொழுது விரதம், ஆனால் மோருக்குத் தடை இல்லை, அதனால் எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டு ஒரு பெரிய பாட்டில் நிறைய மோர் கொடுத்து அனுப்பினேன். கத்திரி வெயில். போன உடனே கையைப் பார்த்திருக்கிறார் உன் சார். கையில இதெல்லாம் கட்டிக்கினு ஆடக்கூடாது, ரூல் தெரியாதாடா என்று சொல்லி, கத்தரிக்கோல் வாங்கி மஞ்சள் கயிற்றை அறுத்துக் கீழே போட்டிருக்கிறார். நந்து அதைப் பொறுக்கி டவுசர் பையில் வைத்துக்கொண்டானாம். டீம் கேப்டன் பார்த்திபன் கருமாதிக்கு வந்தவன் அழுதுகொண்டே இதைச் சொன்னான். ரவுண்டு முடியும்வரை ஒருத்தரும் பாட்டிலைத் தொடக்கூடாது, எல்லாப் பாட்டிலையும் கோட்டுக்கு வெளியே வரிசையாக வைத்துவிடவேண்டும், அதுதான் உன் சாரின் சட்டம், உன் காலத்திலும் அப்படித்தானே. பாதி ஓட்டத்தில் நந்து பாட்டில் பக்கம் போயிருக்கிறான். விசில் அடித்து, நெருப்புல நடக்கப் போற ஆளு, உனக்கு வெயிலு சுடுதாடா, தண்ணி கேக்குதா என்றாராம். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்களாம். நந்துவும் சிரித்தானாம். சிரித்துவிட்டு ஓடியவன்தான் விழுந்தான். டாக்டர் உடம்பில் சூடு ஏறிவிட்டது, நீர் வற்றிவிட்டது என்றார். அவன் பையை எங்களிடம் கொடுத்தபோது நான் ஊற்றிக் கொடுத்த மோர் அப்படியே இருந்தது, மூடியைத் திருகக்கூட இல்லை. நீ அன்றைக்கு ராத்திரி வண்டியில் வந்து சேர்வதற்குள் அது பொங்கிப் புளித்துப் பாட்டில் உப்பிக்கொண்டு நின்றது.

இப்போது ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? காப்பை அறுத்ததால்தான் அம்மன் பிள்ளையை எடுத்துக்கொண்டாளாம். சிட்டம்மாள் வந்து, மீட்டிங்குல இத்தையே சொல்லு தேவகி, காப்பு அறுத்தவன ஆத்தா சும்மா உடமாட்டா என்கிறாள். அறுத்தவன் கையி நல்லாத்தானே கீது, கட்டிக்கினவன்தானே போனான், உங்க ஆத்தாவுக்கு ஆள் அடையாளம் தெரியாதா என்று கேட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து போனவள்தான், இந்தப் பக்கம் வரவில்லை. காலேஜ்காரர்கள் இன்னொரு விதம். பையன் விரதத்தில் வெறும் வயிற்றோடு வந்துவிட்டான், எங்களுக்குத் தெரியாது, வீட்டில் தடுத்திருக்கவேண்டும் என்கிறார்கள். ஊருக்கும் காலேஜுக்கும் ஒரே கயிறு போதுமாக இருக்கிறது. என் பிள்ளை கையில் கட்டினது அந்த ஆளுக்கு அல்லவா காவல் நிற்கிறது! நான் மீட்டிங்கில் அம்மனைப் பற்றிப் பேசமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்பேன். காப்பை உன் கையாலேயே அறுத்தாயே, தீ மிதிக்கிறவன் என்று உன் வாயாலேயே கிண்டல் பண்ணினாயே, அறுக்கும்போது தெரிந்த விரதம் ஓடவிடும்போது தெரியவில்லையா? படித்தவர்கள் பதில் சொல்லட்டும். அந்த ஆள் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, விசிலோடு எந்தப் பிள்ளைக்கு முன்னாலும் இனி நிற்கக்கூடாது. கப்பு இல்லாமல் அந்தக் காலேஜ் செத்தா போய்விடும்?

உன் நைனாவைக் கூப்பிட்டேன். நீ போய் வா, நான் அந்தாள பாத்தன்னா அடிச்சிடுவேன் என்கிறார். நான் சாலவாக்கத்தில் பஸ் ஏறித் தனியாகப் போவேன், எனக்குப் பயம் இல்லை. ஆனால் நான் பேசி முடித்தவுடன் அவர்கள் போனை எடுத்து உன் குரலைப் போடுவார்கள். உன் அம்மா வாயை உன் வாயால் அடைப்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. முந்தாநாள் போனில் நீ, நாங்களும் தண்ணி இல்லாமத்தாம்மா ஓடினோம், அதனாலதான் ஜெயிச்சோம் என்றாய். நீ ஜெயித்தாய், சரி. நீயும் அப்படி ஓடிச் செத்திருக்கலாம், செத்திருந்தால் நந்து அந்தக் காலேஜுக்கே போயிருக்கமாட்டான். எழுதக்கூடாததை எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே விடுகிறேன், நீ படிக்கவேண்டும்.

ரயில்வே பள்ளிக்கூடத்துச் சின்னப் பெண்களுக்கு நீ ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற போட்டோ அனுப்பியிருந்தாயே. கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு நன்றாகத்தான் நிற்கிறாய். உன் நைனா பார்த்துவிட்டு, அந்தச் சாவுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. உனக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே, பாட்டில்கள் வரிசையாக நின்றன, அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் லீவு போட்டுக்கொண்டு வா. வந்தால் என் பக்கத்தில் உட்கார். வர முடியாவிட்டால் அந்தக் குரலையாவது எடுத்துவிடு. இரண்டும் முடியாது என்றால், அந்த ஆள் உனக்குச் சார், நான் உனக்கு யார் என்று நீயே யோசித்துக்கொள். நீ நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும், முட்டி வலி இல்லாமல் ஓடவேண்டும், உனக்கு வாய்க்கிறவன் உன்னை அதட்டாதவனாக இருக்கவேண்டும். கோபத்திலும் இந்த வாழ்த்து மாறாது. முட்டிக்குத் தைலம் தேய்க்க மறக்காதே. ராத்திரியில் தயிர் வேண்டாம். உன்னிடம் ஆட வருகிற அந்தப் பெண்களின் பாட்டிலை வரிசையில் வைக்காதே, அவர்கள் கையிலேயே கொடு. தாகம் என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் ரவுண்டு முடிந்ததா என்று பார்க்காதே, நீயே மூடியைத் திருகிக் கொடு.

இப்படிக்கு,
உனக்கும் நந்துவுக்கும் அம்மா,
வே. தேவகி