தலையாட்டியின் கண்ணாடி

ஜூன் 12, வியாழன்

இன்று கெலிஓயாவில் என் கண்ணாடிக் கடையில் ஒரு கிழவருக்குக் கண் பார்த்தேன். இடது கண் வெள்ளையில் கறுப்பு மச்சம். அன்று சண்டைக் காலத்தில், ஊர்ச் சுற்றிவளைப்பில் ஆமிக்கு ஆள் காட்ட, சாக்கால் முகத்தை மூடி நின்ற தலையாட்டிக்கும் அதே மச்சம். சாக்கின் கண் ஓட்டை வழியே அதைப் பார்த்தேன். என் அண்ணனை முன்னால் நிறுத்தியதும் அவன் ஒருதரம் தலையாட்டினான். ஆமி ஏற்றிக்கொண்டு போன அண்ணன் திரும்பவேயில்லை.

“ஐயா, எழுத்து தெளிவா தெரியுதாங்க?” என்றேன்.

கிழவன் தலையை ஆட்டினான். அதே ஆட்டு.

கண்ணாடியின் பவரை மாற்றிக் கொடுத்தால் படியில் உருண்டு விழுவான் என்றுகூட நினைத்தேன். வேண்டாம். சரியான கண்ணாடியே செய்வேன். நன்றாகத் தெரியட்டும் அவனுக்கு. சனிக்கிழமை வந்து போட்டுப் பார்ப்பான். அண்ணன் படத்தை முகத்துக்கு நேரே நீட்டுவேன்.

இப்ப ஆட்டுடா தலையை.