ஓரகத்தியின் குவாரி

மார்ச் 4

சின்னவள் பக்கம் இன்று தண்ணீர் லாரி வந்தது. குடிக்க அல்ல, தூசி அடங்கக் கல்லில் தெளிக்க! மனுஷி குளிக்கவே தண்ணீர் போதாத வெயிலில் கல்லைக் குளிப்பாட்டுகிறாள் என் ஓரகத்தி.

மாமனார் ஒரே குவாரியை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நடுவில் ஒரு பாறைமேடு வெட்டாமல் நிற்கிறது. கொழுந்தன் லாரி ஓட்டப் போய்விட்டதால் அந்தப் பக்கத்துக்கு அவளே முதலாளி. இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும். ஒரே மலை, ஒரே கருங்கல். ஆனால் வருகிறவன் எல்லாம் அவள் கல்லைத்தான் நல்ல கல் என்கிறான்.

மார்ச் 11

எங்களிடம் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த ‘கணீர்’ அந்தப் பக்கம் போய்விட்டாள். குரலுக்காக வைத்த பெயர் அது.

“கோவிச்சுக்காதீங்கம்மா. அங்க கூரை போட்டிருக்காங்க. தூசி மூக்குல ஏறல. இருமாம தூங்குறேன்.”

“போ போ, ராஜாங்கமே அங்கதானே நடக்குது” என்றேன்.

சாயங்காலம் வரை மேட்டைத் தாண்டி அவள் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. இங்கே இருந்தவரை அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

மார்ச் 12

என் வீட்டுக்காரர் இருமுகிறார். தூசியால்தான் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மார்ச் 20

கனிம அதிகாரி வந்தார். எங்கள் பாறையை அண்ணாந்து பார்த்தார். “இப்படிச் செவுரு மாதிரி செங்குத்தா வெட்டினா ஒருநாள் மொத்தமா சரியும். மேலேருந்து படிப்படியா இறக்கிட்டு வாங்க. பக்கத்துல போய்ப் பாருங்க, எப்படி வெட்டியிருக்காங்கன்னு.”

பக்கத்தில் போய்ப் பார்க்கணுமாம். கல்யாணமாகி இங்கே வந்தபோது அவளுக்கு உளி எது, கடப்பாரை எது என்று தெரியாது. காட்டிக் கொடுத்ததே நான்தான்.

புதுப் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குக் கல்லும் அவளிடமிருந்துதான் போகிறது. சாப்பிடும்போது அவர் சொல்கிறார்: “அந்தப் பொண்ணு செய்றது சரிதான். நாமளும் மாத்திக்கலாம்.”

தட்டை நங்கென்று வைத்தேன். வேறென்ன செய்ய? வயிறு எரியுது. எரியலைன்னு யார்கிட்ட நடிக்கணும், இந்தத் தாளுகிட்டயா?

ஏப்ரல் 2

டீக்கடையில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அவ கல்லு வெட்டி முடிச்ச பழைய குழியில தண்ணி தேக்குறாளே, உங்க கிணறெல்லாம் வத்திடாதா?”

கடைக்காரர் டம்ளர் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

திரும்பி வரும்போது மனசு லேசாக இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 6

பக்கத்து நிலக்காரர்கள் பாதையை மறித்துவிட்டார்கள். கிணறு வற்றப்போகிறதாம், குவாரி வேண்டாமாம். பாதை ஒன்றுதானே! அவள் லாரிக்குப் பின்னால் எங்கள் லாரியும் நிற்கிறது.

என் வாய்க்கு ஒரு பூட்டு இல்லையே.

ஏப்ரல் 8

இன்று அவள் எல்லோரையும் அந்தப் பழைய குழிக்கே அழைத்துப் போனாள். நானும் பின்னால் போனேன்.

“பாத்துக்கோங்க, அடியில வெறும் சேறு. மழைத்தண்ணி மட்டும்தான் இதுல நிக்கும். கோடைக்கு எனக்கே லாரித் தண்ணிதான். மழை வந்து நிறைஞ்சா உங்க மாட்டையும் கொண்டாந்து விடுங்க.”

கூட்டம் தணிந்தது. தணிந்த கூட்டம் என் பக்கம் திரும்பும் என்று கண்டேனா? ஒரு பெரியவர் எங்கள் குவாரியைக் கை நீட்டிக் காட்டினார்.

“அப்ப இது? என் செடி பூராவும் தூசி படிஞ்சு வெள்ளையடிச்ச மாதிரி நிக்குது. இதை மூடச் சொல்லுங்க!”

ஆமாம், ஆமாம் என்றார்கள். அவளை விழ வைக்க நான் வெட்டின குழி — அதில் நின்றது நான்.

அவள்தான் பேசினாள். “அதுவும் எங்க வீட்டுக் குவாரிதாங்க. மழைக்கு முன்னாடி சரி பண்ணிடுவோம். நான் பொறுப்பு.”

திரும்பும் வழியில் மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, கடைக்காரர் எங்கிட்ட சொல்லிட்டாரு.” அவ்வளவுதான். வீட்டுக்குள் போய்விட்டாள்.

திட்டித் தொலைச்சிருக்கலாமே! பொறுத்துப் போறதுலயும் அவளேதான் ஜெயிக்கணுமா?

ஏப்ரல் 9

‘நான் பொறுப்பு’ என்றாளே. என் குவாரிக்கு அவள் யார் பொறுப்பாக? அந்த வாக்கை நானே காப்பாற்றிக் காட்டுகிறேன். மேலிருந்து முதல் படியை வெட்ட ஆட்களை ஏற்றிவிட்டேன். அவர் மீசைக்குள் சிரித்தார்.

மே 17

கூரை போட்டாயிற்று. அவளுடையதைவிட ஒரு முழம் உயரம். வேண்டுமென்றேதான்.

ஜூன் 23

முதல் பெருமழை. உச்சியிலிருந்து பிடுங்கிக்கொண்ட பாறை ஒன்று உருண்டு வந்து இரண்டாவது படியில் நின்றுவிட்டது. கீழே கூரைக்குள் ஆட்கள் இருந்தார்கள். பழைய சுவராக இருந்திருந்தால்?

அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று கிளம்பி, மேடு வரை போய், திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30

அவர் இருமல் வெகுவாகக் குறைந்துவிட்டது. இதை அவள் கணக்கில் எழுதுவதா, என் கணக்கில் எழுதுவதா? எழுதாமலே விடுகிறேன்.

நவம்பர் 14

வெட்டி முடித்த மேல்படிகளில் இரண்டு பக்கமும் வேப்பங்கன்று நட்டிருந்தோம். அவள் பக்கம் பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டது. என் பக்கம் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது.

இன்று மேட்டைத் தாண்டி வந்தாள். ஒவ்வொரு கன்றாகத் தொட்டுப் பார்த்தாள். “உங்க பக்கம் மட்டும் எப்படிக்கா இப்படி நிக்குது?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் உதட்டோரம் லேசாக ஒரு கோணல். அந்தக் கோணல் எனக்குப் புதிதா? கண்ணாடியில் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.

உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். குழியை ஆழமாக எடுத்தது, வண்டல் மண்ணும் சாணியும் கலந்து போட்டது, எல்லாம் சொன்னேன். குழிக்கு அடியில் பழைய சாக்கு விரித்ததை மட்டும் சொல்லவில்லை. அது இருந்தால்தான் ஈரம் கல் இடுக்கில் ஓடாமல் நிற்கும்.

மேட்டில் பாதி ஏறிவிட்டாள்.

“ஏய், நில்லுடி” என்று கூப்பிட்டு அதையும் சொல்லிவிட்டேன்.