மீன் விட்ட தவக்காலம்

மார்ச் 6, வியாழன்

அறிவியலில் இரண்டு அலகு முடித்தேன். மூன்றாவதைத் தொட மனம் வரவில்லை. காரணம் ஜெபிஷா.

மதியம் பள்ளியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். சீலா மீன் வறுவல். ஜெபிஷா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் சாயர்புரத்துக்காரி, சி.எஸ்.ஐ. சபை; நாங்கள் கத்தோலிக்கர்.

“ஏளா, நேத்துதான நெத்தியில சாம்பல் பூசிட்டு வந்த. தவக்காலம்னு சொல்லிட்டு இது என்ன?”

“கறிதான் சாப்பிட மாட்டோம். மீன் சாப்பிடலாம்.”

“ஒங்கப்பா வள்ளத்துல மீன் பிடிக்காவ. வீடு பூரா மீனு. ஒங்களுக்கு ஆட்டுக்கறிய விடுறது ஒரு கஷ்டமா? சீலாவ விட்டாத்தான் அது தபசு.”

அவள் சொன்னது சரிதான். எங்கள் தெருவில் தவக்காலம் வந்தால் கறிக்கடைக்குத்தான் நஷ்டம், எங்கள் நாக்குக்கு இல்லை. ஆனால் திருச்சபை கேட்பது அவ்வளவுதான். அதற்கு மேல் விடுவதும் விடாததும் அவரவர் விருப்பம். அந்த விருப்பத்தில்தானே அன்பு இருக்கிறது? யாரும் கேட்காமல் கொடுப்பதில்?

ஈஸ்டர் வரை மீன் இல்லை. முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

குசினியில் அம்மாவிடம் சொன்னேன்.

“மீனு இல்லாம ஒனக்குன்னு தனியா என்னத்த வைக்க?”

“ரசம் போதும்மா.”

“இப்ப போதும்ப. அப்புறம் பசிக்குன்னு பிஸ்கட் டப்பாவ உருட்டுறதும் நீதான்.”

அப்பா வாசலில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். “என் வள்ளத்து மீனு என்னளா பாவம் பண்ணிச்சு?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் கொஞ்ச நேரம் அவர் விரல் வலையில் நகரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தவக் கணக்கில் சேராது, இன்று சாப்பிடலாம் என்று அம்மா நேற்றைய ஊளி மீன் குழம்பைச் சூடாக்கி வைத்தாள். நான் அப்பளத்தோடு எழுந்துவிட்டேன்.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் விக்டோரியா என்னை எழுந்து நிற்கச் சொன்னார். “ஷெர்லினப் பாருங்க. கடல்காரர் வீட்டுப் பிள்ளை, மீனையே விட்டிருக்கா. இதுதான் விசுவாசம்.” அம்மாதான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

முன் பெஞ்சில் இருந்து ஸ்டெபி திரும்பிப் பார்த்தாள். என் தங்கைக்கு அவ்வளவு பெரிய கண்கள் என்று இன்றுதான் தெரிந்தது. வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதலாமா? எழுதிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஸ்டெபியும் மீனை விட்டுவிட்டாள். தட்டில் நெத்திலி வறுவல் – அவள் உயிர் அது – அதைத் தள்ளி வைத்துவிட்டு, “நானும் சேசுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்” என்றாள்.

“ஒருத்தி பத்தாதுன்னு இன்னொருத்தியா?” என்று அம்மா என்னை முறைத்தாள். நான்தான் பரிந்து பேசினேன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறவள் ஒரு சிறு காணிக்கையோடு போவது நல்லதுதானே?

மார்ச் 15, சனி

புதுநன்மைக்கு அம்மா தைக்கும் வெள்ளை கவுன் பாதி முடிந்துவிட்டது. ஒரு கை தைப்பதற்கு முன்பே ஸ்டெபி அதைப் போட்டுக்கொண்டு, கழற்ற மாட்டேன் என்று தெருவரை போய் வந்தாள்.

மார்ச் 22, சனி

ஸ்டெபி அமலோற்பவம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தாள். வரலாற்றில் மூன்று பாடம் படித்தேன். வீடு அமைதியாக இருந்தது. அவள் திரும்பி வந்த பிறகும் அமைதியாகவே இருந்தது.

மார்ச் 25, செவ்வாய்

செபமாலையில் நான்காவது பத்து மணிச் செபம் எப்போதும் ஸ்டெபி சொல்வது. இன்று தொண்டை வலி என்றாள். நேற்றும் அப்படித்தான் சொன்னாள். தொண்டை வலிக்கிறவள் ஐஸ் தின்பாளா?

மார்ச் 29, சனி

அடுத்த சனிக்கிழமை புதுநன்மைப் பிள்ளைகளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவது. இன்று அதற்குப் பயிற்சி. ஸ்டெபி வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். அம்மா ஓமத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டெபி சுவரைப் பார்த்தபடியே சொன்னாளாம்:

“எனக்குப் புதுநன்மை வேண்டாம்.”

அம்மாவுக்கு முதலில் கோபம், பிறகு அழுகை. கவுன் பிடிக்கவில்லையா, யாராவது கேலி செய்தார்களா – எல்லாம் கேட்டுப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, “யாரு என்ன சொன்னாவன்னு மட்டும் சொல்லு பிள்ள” என்றார். அவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பிள்ளை இப்படி அமைதியாக அழுமா?

மார்ச் 30, ஞாயிறு

தெரிந்துவிட்டது.

மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது ஸ்டெபி பின்னாலேயே வந்தாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். ஆனாலும் இங்கே எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

போன வாரம் அத்தை வீட்டில் தேங்காய்ச் சோறும் மாசிச் சம்பலும். மாசி என்றால் காயவைத்த மீன் என்று இந்த ஊரில் தெரியாத பிள்ளை உண்டா? “நான் வேண்டாம்னுதான் நெனச்சேன்க்கா. அத்தை உருட்டி கையில வச்சிட்டாவ.” பிறகு கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டாவது தடவ நானே கேட்டு வாங்கித் தின்னேன்” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, சிரிக்கவில்லை.

“வாக்குக் குடுத்துட்டு சேசுவ ஏமாத்திட்டேன். இந்த வாயில எப்பிடிக்கா நன்மை வாங்க? சங்கீர்த்தனத்துல சொன்னா சாமியார் என்னய வெளிய போகச் சொல்லிருவாரு.”

நான் படித்ததை எல்லாம் சொன்னேன். மீன் தின்பது பாவமில்லை. யாரும் கட்டளையிடவில்லை. உன் வயதுக்கு ஒருசந்தி நோன்பு கூடக் கிடையாது. அழகாகத்தான் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்.

“அப்ப நீ ஏன் திங்கல?”

“அது நானா விரும்பி விட்டது.”

“நானும் விரும்பித்தான் விட்டேன். நீ தாங்குத. என்னால முடியல. சிஸ்டர் ஒன்னயத்தான் விசுவாசம்னு சொன்னாவ. அப்ப நான் யாரு?”

துணியை மடிக்காமலே தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

– பிறகு –

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் என் பேச்சைக் கேட்பதில்லை, என் தட்டைப் பார்க்கிறாள். நான் மீன் தொடாதவரை, அவளுக்கு மீன் பாவம்தான்.

மீனை விட எனக்கு உரிமை இருந்தது. யாரும் தடுக்கவில்லை. தின்னவும் அதே உரிமை இருக்கிறது. இரண்டில் எது அவளைத் தூக்கி நிறுத்தும்? இப்படிக் கேட்டால் பதில் உடனே வருகிறது. ஆனால் எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. இவ்வளவு நாள் காத்ததை எப்படி விடுவேன்? நான் கொடுத்த வாக்கு என்ன ஆகும்?

யாருக்காகக் காத்தேன்? முதல் நாள் கடவுளுக்காக. அந்த ஞாயிறுக்குப் பிறகு – உண்மையைச் சொல்வதென்றால் – கொஞ்சம் சிஸ்டருக்காகவும், கொஞ்சம் ஜெபிஷாவுக்காகவும்.

சேசுவே, நான் விரதத்தைச் சோம்பேறித்தனத்தில் விடவில்லை. உமக்குத் தெரியும்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான் விடுமுறை. காலையில் திரேஸ்புரம் கரைக்குப் போய் அப்பாவின் வள்ளம் வரும்வரை நின்றேன். “விளமீன் ஒண்ணு எடுத்து வைங்கப்பா. நான் சாப்பிடுதேன்” என்றேன். அப்பா என்னை ஒரு முறை பார்த்தார். ஏலத்துக்குப் போகும் கூடையிலிருந்து இருப்பதிலேயே பெரியதை எடுத்தார்.

மதியம் நான்கு பேரும் உட்கார்ந்தோம். எனக்கு ரசம் ஊற்ற வந்த அம்மாவைத் தடுத்துவிட்டு ஒரு துண்டு மீனைத் தட்டில் போட்டேன். ஸ்டெபியின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

“அக்கா. ஈஸ்டர் இன்னும் வரல.”

“தெரியும்.”

“சேசு கோவிப்பாரு.”

“கோவிச்சா நம்ம ரெண்டு பேரையும் சேத்துத்தான் கோவிக்கணும். நான் அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

வாயில் வைத்தேன். ருசியாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு என்னவோ ஆகப்போகிறது என்பதுபோல. ஒன்றும் ஆகவில்லை. அப்பா முள் எடுத்த ஒரு துண்டை மெதுவாக அவள் தட்டின் ஓரத்தில் வைத்தார். ரொம்ப நேரம் அது அங்கேயே இருந்தது. பிறகு இல்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

டப்பாவில் மீன். ஜெபிஷா பார்த்துவிட்டாள். “ஏளா, அதுக்குள்ள ஈஸ்டர் வந்துட்டா?”

“இல்ல.”

“பின்ன? அவ்வளவுதானா ஒன் தபசு?”

சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் என்னைப் பெரியவளாகத்தான் நினைத்திருப்பாள். ஆனால் அது ஸ்டெபியின் ரகசியம். “அவ்வளவுதான்” என்றேன். ஜெபிஷா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். மாங்காய் ஊறுகாயை என் பக்கம் தள்ளினாள்.

ஏப்ரல் 5, சனி

கோயிலில் சங்கீர்த்தன வரிசை. ஸ்டெபி கடைசியில் நின்றாள், தனக்குப் பின்னால் வந்தவர்களை எல்லாம் முன்னால் விட்டுக்கொண்டே. கடைசியில் அவளை விட்டால் ஆள் இல்லை. உள்ளே போனாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தவள் நேராக என்னிடம் ஓடி வந்தாள். “அபராதச் செபம் ஒரே ஒரு அருள் நிறைந்த மரியேதான்க்கா. நான் அம்பது வரும்னு நெனச்சேன்.” கொஞ்சம் ஏமாற்றம் போலக்கூட இருந்தது. மண்டியிட்டு மூன்று சொன்னாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

“ஷெர்லின், மீன் விரதம் எப்படிப் போகுது?” என்று சிஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“விட்டுட்டேன் சிஸ்டர்.”

“ஓ” என்றார். முகம் சுருங்கியது. யாரோ பின்னால் சிரித்தார்கள். முன் பெஞ்சில் ஸ்டெபி இருந்தாள். நான் காரணம் சொன்னால் அவள் தலை குனியும். உட்கார்ந்துவிட்டேன். காது சுட்டது.

மீன் இல்லாமல் இருந்ததைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது. யாருக்கும் தெரியாத இந்த ஒன்றைத்தான் சேசுவிடம் கொடுக்கிறேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

சிலுவைப்பாதையில் நடந்தேன். எழுத ஒன்றும் இல்லை. மனம் நிறைந்திருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கவுன் கொஞ்சம் நீளம். படியில் தடுக்கிவிடுவாளோ என்று அம்மா பூசை முழுவதும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, யார் என்று தெரியாதபடி வந்திருந்தார்.

ஸ்டெபி தடுக்கவில்லை. நன்மை வாங்கிக்கொண்டு, கை கூப்பியபடி வந்து என் பக்கத்தில் மண்டியிட்டாள். கண்ணை மூடினாள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து படம் பிடிக்கிறவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அவள் மட்டும் எழவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன், “அவ்வளவு நேரம் என்னளா வேண்டிக்கிட்ட?”

“சொல்ல மாட்டேன்” என்றாள். “அது எனக்கும் சேசுக்கும்.”

அவள் என் கையை விட்டுவிட்டு, கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.