கேஸ் தொட்டி நின்றுபோன காரணம்

பங்குனி 4, திங்கட்கிழமை.

சாணத்தில் கேஸ் எடுக்க எங்கள் வாசலில் தொட்டி கட்டிய ஆராய்ச்சிக்காரர்கள் ஆறு வருடம் கழித்து இன்று ஆள் அனுப்பினார்கள். புது அதிகாரி. அன்று படம் பிடித்துக்கொண்டு போனவன் வரவில்லை. அவன் சட்டை நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

"இனிமே ஊட்டுக்காரங்க கையெழுத்து இல்லாம ஆராய்ச்சிக்குப் பணம் தரமாட்டாங்க ஆத்தா. தொட்டி ஏன் நின்னுதுன்னு நீங்க சொல்லோணும்."

"பழைய ஆளு என்னன்னு எழுதியிருக்கறாருங்க?"

தயங்கித் தயங்கிப் படித்தார். வீட்டுப் பெண்கள் சோம்பேறித்தனத்தால் சாணம் கரைத்து ஊற்றவில்லையாம்.

மாசி பிறந்தால் எங்கள் மாடுகள் ராத்திரியில் உழவுக் காட்டில் போட்ட பட்டியில்தான் அடைபடும். சாணம் காட்டுக்கே உரமாகிவிடும். ஆடி வரைக்கும் வீட்டில் ஏது சாணம்? குழி தோண்டும்போதே சொன்னேன். "கேஸைப் பத்தி உங்களுக்கென்ன தெரியும்?" என்று அந்தப் படம் பிடித்த பழைய ஆள் சிரித்தான்.

"அந்த வரியை அடிச்சுப்போடுங்க. அப்பறம் கையெழுத்துப் போடறேன்."

"அதை அடிக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க ஆத்தா. நீங்க சொல்றதைப் புதுத் தாள்ல எழுதி அதுக்கு மேல வெச்சுத் தெச்சுடறேன். அடுத்த தொட்டி இதைப் பார்த்துத்தான் கட்டுவாங்க."

எழுதினார். இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பட்டி என்ற சொல் இருந்தது. எழுத்துக் கூட்டி என் பெயரைப் போட்டேன்.

ஆனாலும் என் தாளுக்கு அடியில் நான் சோம்பேறியாகவேதான் இருப்பேன்.

இவருக்கும் காப்பி கொடுத்தேன். அவன் அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்தான்.