அப்பா இருக்கிறார் என்பதற்கு ஆதாரம்

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. மேலகரம் வீட்டில் இருந்தபடியே வேலை. எங்கள் கம்பெனி இயந்திரம் ராப்பகலாக இணையத்தைப் படித்துத் தானாகவே தகவல் கற்கிறது. அது கற்றதற்கு சரி, தவறு போடுவது என் வேலை.

‘குற்றாலம்: அருவி.’ சரி. ‘பண்பொழி: கடற்கரை ஊர்.’ தவறு, அது மலையடிவாரம். சிரித்தேன். அடுத்த வரி: ‘செல்லையா, முன்னாள் போலீஸ் வாலிபால் வீரர்: மறைந்தவர்.’

என் அப்பா. பக்கத்து அறையில் இருமிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை நெல்லையில் இதய பைபாஸ் ஆபரேஷன்.

தவறு போட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு எடுத்து வைக்க: பழைய ஸ்கேன், ஸ்வெட்டர், பிளாஸ்க்.

காரணம் தெரிந்தது. ஆலங்குளத்தில் யாரோ ஒருவர் நினைவாக வாலிபால் போட்டி. தொடங்கி வைத்தவர் அப்பா. போஸ்டரில் ‘நினைவுக் கோப்பை’, அதற்குக் கீழே அப்பா படம். செத்தவர் அப்பாதான் என்று முடிவு கட்ட இயந்திரத்துக்கு அது போதும்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சகுனம் சரியில்லை, ஆபரேஷனே வேண்டாம் என்பாள்.

ஜூலை 5, சனி

திரும்பவும் அதே வரி. இப்போது மூன்று தளங்கள் சாட்சி. திறந்து பார்த்தால், மூன்றுமே எங்கள் இயந்திரத்திடம் கேட்டு எழுதியவை. இது சொன்னதை அவர்கள் எழுத, அதையே இது படித்து இன்னும் உறுதியாகிறது. நான் ஒருத்தி தவறு போட்டு என்ன ஆக?

டீம் லீடர் போனில்: “உங்க கஷ்டம் புரியுதுங்க. ஆனா உயிரோட இருக்கார்னு ஒரு பேஜ்கூட இல்லையே. ஏதாவது சோர்ஸ் குடுங்க.”

இருக்கிறவர் இருக்கிறார் என்று யார் எழுதி வைக்கிறார்கள்?

அப்பா காதில் விழுந்துவிட்டது. “வருசா வருசம் பென்சன் ஆபீசுல போயி உசுரோட இருக்கேன்னு காட்டுதேன். இனி ஒன் கம்ப்யூட்டருக்கும் காட்டணுமாட்டி?” பிறகு மெதுவாக, “அம்மைட்ட சொல்லிராத.”

ஜூலை 6, ஞாயிறு

மழை கொஞ்சம் விட்டது. வாசலில் அப்பாவை நிறுத்தி, கையில் வாலிபாலைக் கொடுத்துப் படம். பந்தில் காற்றில்லை. “நல்லா விழுந்திருக்கேனா?” என்று இரண்டு தரம் கேட்டார். ஊர் வாலிபால் குழுவின் பக்கத்தில் போட்டேன்: ‘இன்று எடுத்த படம். செவ்வாய் ஆபரேஷன். வாழ்த்துங்கள்.’



ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தா. அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அம்மா கையில் திருமலைக்கோவில் திருநீறு.

மடியில் லேப்டாப். லீவு கிடைக்கவில்லை. இன்றைய பட்டியலில் புது வரி: ‘செல்லையா: உயிருடன் இருக்கிறார்.’ ஆதாரம், நான் போட்ட படம். கீழே சரி, தவறு.

இதற்காகத்தானே சண்டை போட்டேன். விரல் போகமாட்டேன் என்கிறது.

“எப்பப் பாத்தாலும் அதையே நோண்டுத. அப்படி என்னட்டி இருக்கு அதுல?”

“ஒண்ணுமில்லம்மா.”

கதவு இன்னும் திறக்கவில்லை. அப்பா இருக்கிறார் என்று எனக்கும் இப்போது யாராவது வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லட்டும். அப்புறம் போடுகிறேன்.